நாற்பது எட்டு

அலுவலகச் சுவரில் வட்டார வரைபடம்.
கெமுனிங் தொடக்கப்பள்ளியின் தலையில்
காம்பஸ் ஊசியை முதலில் குத்தியவர் திருவாட்டி ஓங்.
வேலையை என்னிடம் விட்டுப் போனபோது
துளையையும் விட்டுப் போனார்.
இருபத்தொன்பது ஆண்டில் அது
மிளகளவு ஆகிவிட்டது.

துளையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சிவப்பு வட்டம்.
சுவா சூ காங்கில் அது எதற்கும் ஒதுங்காது.
கால்வாயைத் தாண்டும்,
ஈரச்சந்தையில் மீன்கடையை உள்ளே வைத்துக்
கீரைக்கடையை வெளியே தள்ளும்.
புளோக் 418 உள்ளே. 419 வெளியே.
நடுவில் ஒரு சறுக்குமரம்:
பிள்ளைகள் உள்ளே ஏறி
வெளியே போய் விழுவார்கள்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கு.
அமைச்சு, அதன் கீழ் நான்கு திசை,
திசைக்குள் எண்ணிட்ட தொகுதிகள்,
தொகுதிக்கொரு கண்காணிப்பாளர்.
கீழிருந்து பார்த்தால்
ஒரு கண்ணாடித் தடுப்பு, பேசுவதற்கு ஓர் ஓட்டை,
ஓட்டைக்கு இந்தப் பக்கம் நான்.

தொண்ணூற்றெட்டில்
இருபத்து மூன்று இடத்துக்கு ஐம்பத்து நான்கு பெயர்,
அத்தனையும் வட்டத்துக்குள்.
மண்டபத்தில் நெகிழிப் பெட்டி, மடித்த சீட்டுகள்.
முதல்வர் சட்டைக்கையைச் சுருட்டி
வெறுங்கையைக் காட்டிவிட்டு எடுத்தார்,
மாயவித்தைக்காரர் போல.
பெயர் வந்த அப்பா ஒருவர் அழுதுவிட்டார்.
வராதவர்கள்
நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார்கள்.

அமிர்தகடேசனுக்கு அந்த நாற்காலியும் இல்லை.
419, ஐந்தாம் மாடி. பேருந்து ஓட்டுநர்.
வெளியே இருப்பவர் பெயர் பெட்டிக்குள் விழாது.
சீருடையோடு ஓட்டைக்குக் குனிந்தார்.
"உங்க கோடு சறுக்குமரத்துக்கிட்ட விழுது.
அங்கிருந்து எங்க லிஃப்டுக்கு நடந்து பார்த்தேன்,
நாற்பது எட்டு."
நாற்பத்தெட்டு என்று குறித்துக்கொண்டேன்.
எட்டிப் பார்த்துத் திருத்தினார்:
"எண் இல்லைங்க. கால் வைக்கிற எட்டு.
என் கணக்கு நாற்பது. மகள் வச்சா எண்பது."
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மகள் யாழரசி தெராத்தாய் பள்ளிக்குப் போனாள்,
ஒன்பது நிறுத்தம்.
அங்கே தமிழுக்கு ஆசிரியர் இல்லை.
தமிழ்ப் பிள்ளைகள் மொத்தம் ஆறு பேரையும்
செவ்வாய், வியாழன் பிற்பகலில்
சிற்றுந்தில் ஏற்றி எங்களிடம்தான் அனுப்பினார்கள்.
ஆறு ஆண்டு, வாரத்துக்கு இரு முறை,
உயிர்மெய் எழுத மட்டும்
அவள் வட்டத்துக்குள் வந்து போனாள்.
வருகைத்தாளில் "வெளிப்பள்ளி" என்று
முத்திரை குத்தியது நான்.

இப்போது குலுக்கலே இல்லை.
கடைசிப் பதிவுக்கு வந்தது பத்தொன்பது பெயர்.
இரண்டு வாரம் ஓட்டைக்கு அப்பால் யாருமில்லை,
ஒரு தடவை தபால்காரர்.
தள்ளுவண்டி நின்ற கீழ்த்தளங்களில்
சக்கர நாற்காலிகள் மின்னேற்றம் ஆகின்றன.

பிறகு கடிதம்: இரு பள்ளிகளும் இணையும்,
வளாகம் அவர்களுடையது.
பெயரில் எது முன்னால் என்று
மூன்று கூட்டம் போட்டார்கள்.
ஒரு முன்னாள் மாணவர், பல் மருத்துவர்,
மேசையைத் தட்டினார்.
கோப்பைகளில் பாதிக்கு இடமில்லை என்றதும்
பூப்பந்தை வைத்துக்கொண்டு சதுரங்கத்தை விட்டோம்.

வரைபடத்தைக் கழற்றினேன்.
துளை சுவருக்குள்ளும் போயிருந்தது.

கடைசி நாள் குடையும் தேநீர்க் குவளையுமாக
சந்தை வழியே நடந்தேன்.
சறுக்குமரம் எடுத்தாயிற்று;
ரப்பர் தரையில் அதன் கால்தடம் நான்கு மட்டும்,
பக்கத்தில் முதியோர் மிதிக்கும் இரும்புச் சக்கரம்.
கோடு அங்கேதான், எனக்குத் தெரியும்.
குடையை ஊன்றி எண்ணத் தொடங்கினேன்.

எனக்கு ஐம்பத்தாறு வந்தது.
மின்தூக்கிக் கதவை யாரோ பிடித்துக்கொண்டு
எத்தனையாவது மாடி என்று
மாண்டரினில் கேட்டார்.